முதல் நாளில் எல்லாவற்றையும் கொட்டியவர் இரண்டாம் முறை ஏன் வருவதில்லை?

பிப்ரவரி 3, இரவு 9.10 | களப்பணி மாணவி

சமூகப்பணிக் களப்பயிற்சியில் இருக்கிறேன். உதவி கேட்டு வருகிற ஒருவர் முதல் சந்திப்பிலேயே ஒன்றரை மணி நேரம் பேசுகிறார். கல்யாணத்தில் தொடங்கி கடன் வரை, யாரிடமும் சொல்லாததையெல்லாம் கொட்டுகிறார், அழுகிறார், கிளம்பும்போது "மனசு லேசாயிடுச்சு" என்கிறார். அடுத்த வாரம் ஆளைக் காணோம், போனும் எடுப்பதில்லை. பிடிகொடுக்காமல் பேசி, படிவத்தைக்கூட முழுசாக நிரப்பவிடாதவர் சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்கிறார். முதல் சந்திப்பிலேயே நல்லுறவு அமைய வேண்டும் என்றுதான் வகுப்பில் சொல்கிறார்கள். அமைந்த மாதிரி தெரிந்த இடத்தில்தான் இது நடக்கிறது. ஏன்?

பிப்ரவரி 3, இரவு 10.25 | மேற்பார்வையாளர்

கொட்டித் தீர்ப்பதும் உறவு அமைவதும் வேறு வேறு. முன்பின் தெரியாதவரிடம் மனதைக் கொட்டுவது சுலபம், மறுபடி அந்த முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம். வீடு போய்ச் சேர்வதற்குள் "ஏன் இவ்வளவும் சொன்னேன், என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார், வெளியே யாரிடமாவது சொல்லிவிடுவாரோ" என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். கணவரைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ சொல்லியிருந்தால் காட்டிக்கொடுத்துவிட்ட உறுத்தலும் சேர்ந்துகொள்ளும். பிடிகொடுக்காமல் பேசியவருக்கு இந்தச் சுமை கிடையாது. தன்னிடம் இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, உங்களை நோட்டம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

அதனால் முதல் நாளில் வேகத்தைக் குறைப்பது பணியாளரின் பொறுப்பு. 45 நிமிடம், மிஞ்சினால் 60. நேரத்தை உட்கார்ந்ததுமே சொல்லிவிட வேண்டும். பேச்சு 20-வது நிமிடத்திலேயே ஆழத்துக்கு இறங்கினால் தடுக்காமல் மெதுவாக்கலாம்: "இது ரொம்பப் பெரிய விஷயம். இன்னைக்கே முழுசா சொல்லியாகணும்னு இல்ல. இப்ப உடனடியா உங்களுக்கு என்ன வேணும்னு முதல்ல பாத்துடலாமா?"

கடைசி 10 நிமிடத்தில் வலிக்கிற எதையும் புதிதாகக் கிளறக் கூடாது. இங்கிருந்து எப்படிப் போவார், வீட்டில் யார் இருக்கிறார்கள், இன்று ராத்திரி எப்படிக் கழியும், அடுத்து எந்த நாள் என்பதற்கு அந்த நேரம். அழுத கண்ணோடு வாசல் தாண்டவிடாதீர்கள். முகம் கழுவ, தண்ணீர் குடிக்க, 5 நிமிடம் சும்மா உட்கார இடம் கொடுங்கள்.

எழுந்திருக்கும் முன் இதையும் சொல்லுங்கள்: "வீட்டுக்குப் போனதும் 'ஏன் இதையெல்லாம் சொன்னோம்'னு தோணலாம். நிறைய பேருக்குத் தோணும். அப்படித் தோணினா வந்து அதையே சொல்லுங்க." வெட்கத்துக்கு முன்கூட்டியே ஒரு பெயர் வைத்துவிட்டால், அது வந்து நிற்கும்போது அவருக்குப் புதிதாக இருக்காது.

பிப்ரவரி 4, காலை 7.40 | மருத்துவமனைப் பணியாளர்

கதவுவரை போய்விட்டு, தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு "இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன், நேத்து அவர் கத்தியைக் காட்டினார்" என்பார்கள். இதையும் கடைசி 10 நிமிடக் கணக்கில் சேர்த்துத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள்.

அந்த இடத்தில் சொல்வது தற்செயல் கிடையாது. நீங்கள் தாங்குவீர்களா என்று பார்த்துவிட்டு, ஓடிவிடவும் வழி வைத்துக்கொண்டு சொல்கிறார். உயிருக்கு ஆபத்து இருந்தால் திரும்ப உட்காரவைத்து, அடுத்தவரைக் காக்கவைத்தாவது பேசியாக வேண்டும். ஆபத்து இல்லையென்றால், "இதைச் சொன்னது நல்லது, அடுத்த தடவை இதுல இருந்தே ஆரம்பிக்கலாம்" என்று சொல்லி, அவர் பார்க்கும்படி குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சந்திப்பில் நிஜமாகவே அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவரே அந்தப் பேச்சை எடுப்பார் என்று நீங்கள் காத்திருக்க, நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

பிப்ரவரி 4, பகல் 1.15 | களப்பணி மாணவி

ரகசியத்தைப் பற்றி எப்போது சொல்வது? பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது குறுக்கே சொன்னால் உடைந்துவிடுகிறது.

பிப்ரவரி 4, மாலை 6.30 | குழந்தை நலப் பணியாளர்

முதல் 5 நிமிடத்தில், அவர் எதையும் சொல்லத் தொடங்கும் முன். "இங்க பேசறது எதுவும் வெளிய போகாது" என்று சொன்னீர்களானால் அது பொய் வாக்குறுதி. எதை மறைக்க முடியாது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்: தன் உயிருக்கு ஆபத்து, இன்னொருவர் உயிருக்கு ஆபத்து, ஒரு குழந்தைக்குக் கொடுமை நடப்பது, நீதிமன்றம் கேட்டால் தர வேண்டிய நிலை. கோப்பை யார் யார் படிப்பார்கள் என்பதும் இதில் சேர்த்தி. மேற்பார்வையாளரும் குழுவும் படிக்கிற இடத்தில் "நமக்குள்ள" என்ற வார்த்தையே வரக் கூடாது.

இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? மூன்றாவது சந்திப்பில் குழந்தையின் முதுகில் தழும்பு என்று சொல்வார். நீங்கள் தகவல் தர வேண்டியிருக்கும். அப்போதுதான் விதியை எடுத்துச் சொல்வீர்கள். அவருக்கு அது வலை விரித்துப் பிடித்த மாதிரி. முதல் நாளே தெரிந்திருந்தால், சொல்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்திருப்பார். தெரிந்தே சொல்கிற பலர் உதவி வரட்டும் என்றுதான் சொல்கிறார்கள்.

சொன்னது புரிந்ததா என்று கேட்டால் தலையாட்டுவார்கள். "நான் சொன்னதுல எது உங்களுக்கு இடிக்குது?" என்று கேளுங்கள், நிஜமான பதில் வரும்.

பிப்ரவரி 5, காலை 8.05 | மேற்பார்வையாளர்

அறையைப் பற்றி யாரும் எழுதவில்லை. மேசையை நடுவில் வைத்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும். இரண்டு நாற்காலியும் ஒரே உயரத்தில், மேசையின் ஒரு மூலையை ஒட்டி, செங்கோணத்தில் இருக்கட்டும். அப்போது அவர் வேண்டுமானால் உங்கள் முகத்தைப் பார்க்கலாம், வேண்டாமென்றால் சுவரைப் பார்க்கலாம். அவருக்கும் கதவுக்கும் நடுவில் நீங்கள் உட்காரக் கூடாது. உங்களுக்கும் தடையில்லாத வழி இருக்க வேண்டும். கடிகாரம் அவர் தலைக்குப் பின்னால், உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். கையைத் திருப்பி மணி பார்ப்பது "போதும், கிளம்பு" என்று சொல்வதற்குச் சமம். போனைக் கவிழ்த்து வைத்தால் போதாது, கண்ணில் படாமல் வையுங்கள்.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதையும் கேட்டுவிடுங்கள். "அக்கா", "தம்பி" எல்லாம் நம் வாயில் தானாக வரும். ஆனால் உறவுமுறை சொல்லிக் கூப்பிட்ட மறுநிமிடம் ஒரு கடமையும் உருவாகிறது. "அக்கான்னு கூப்பிட்டீங்களே, இந்தப் பணத்தை மட்டும் பாத்துக் கொடுங்க" என்று வரும்போது மறுப்பது இருவருக்கும் வலிக்கும். பெரியவர்களிடம் "ஐயா", "அம்மா" மரியாதைக்குப் போதும். மற்றவர்களிடம் "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" பத்து வயதுப் பையனிடமும் முதல் நாளில் "நீங்க" என்று தொடங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

பிப்ரவரி 5, காலை 9.50 | மருத்துவமனைப் பணியாளர்

செங்கோணம் எல்லோருக்கும் ஆகாது. காது மந்தமானவர் உங்கள் உதட்டைப் பார்த்தாக வேண்டும், அவருக்கு நேர் எதிரே, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். மொழிபெயர்ப்பாளர் இருந்தால் மூவரும் முக்கோணமாக உட்கார்ந்து, பேசுவது உதவி கேட்டு வந்தவரைப் பார்த்து, மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து இல்லை. இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள், வழக்கமான நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஒதுக்குங்கள். வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவே கூடாது. அம்மா எதைச் சொல்லலாம் என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தீர்மானிப்பார்.

பிப்ரவரி 5, இரவு 9.00 | களப்பணி மாணவி

6 பக்கப் படிவத்தை என்ன செய்வது? முதல் நாளே முடித்துத் தரச் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 5, இரவு 11.20 | மேற்பார்வையாளர்

படிவத்தில் இரண்டு வகைக் கேள்விகள் இருக்கின்றன. பெயர், பாதுகாப்பு, வீட்டில் உள்ள குழந்தைகள், எடுத்துக்கொண்டிருக்கிற மருந்து, அவரை எப்படித் தொடர்புகொள்வது: இவை அன்றைக்கே வேண்டும். வருமான விவரம், படிப்பு, முந்தைய உதவிகள், குடும்ப வரலாறு: இவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் மூன்றாம் சந்திப்புக்குக் காத்திருக்கும். மேலிடத்தில் முதல் நாளே வேண்டுமென்றால் எந்தக் கேள்விகள் என்று கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் "முழுசா நிரப்பணும்" என்பது வழக்கமே தவிர விதி இல்லை.

முதல் 15 நிமிடம் பேனா எடுக்காதீர்கள். எடுக்கும்போது, "மறந்துடக் கூடாதுன்னு சிலதைக் குறிச்சுக்கறேன், சரியா?" என்று கேட்டு, தாளை அவர் பார்க்கும்படி திருப்பி வையுங்கள்.

பிப்ரவரி 6, காலை 6.55 | மேற்பார்வையாளர்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஆபத்து பற்றிய எந்தத் தகவலுக்கும் அந்த 15 நிமிடம் பொருந்தாது. "இரண்டு நாளாகத் தூங்கவில்லை, மாத்திரைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன்" என்றால் அப்போதே நேராகக் கேட்க வேண்டும்: "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சுற்றி வளைத்து "ஏதாவது தப்பான யோசனை இருக்கா" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லத்தான் தோன்றும். எண்ணம் இருக்கிறதா, எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கானது கையருகே இருக்கிறதா, எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் வார்த்தையிலேயே குறித்து, அவரைத் தனியாக விடாமல் மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். மாணவர்கள் இந்த முடிவைத் தனியாக எடுக்கக் கூடாது.

பிப்ரவரி 6, பகல் 2.10 | சமூகப்பணி ஆசிரியர்

ஒரு சொல் சந்தேகம், இழை திசைமாறினால் மன்னிக்கவும். "கிளையன்ட்" என்பதைத் தமிழில் எப்படி எழுதுகிறீர்கள்? "பயனாளி" என்றால் நாம் கொடுப்பவர், அவர் வாங்குபவர் என்று ஆகிவிடுகிறது. "வாடிக்கையாளர்" கடைக்கு, "கட்சிக்காரர்" வக்கீலுக்கு. "சேவைநாடுநர்" என்பது எனக்குப் பிடித்தது, நாடி வருகிறவர் அவர்தான் என்பது அதிலேயே இருக்கிறது.

பிப்ரவரி 6, மாலை 4.45 | நன்னடத்தைப் பணியாளர்

நாடி வராதவர்களை என்ன சொல்வது? என்னிடம் வருகிற யாரும் விரும்பி வருவதில்லை. நீதிமன்றம் அனுப்புகிறது.

பிப்ரவரி 6, இரவு 8.30 | சமூகப்பணி ஆசிரியர்

சமூகப்பணி அறிஞர் ஹெலன் ஹாரிஸ் பெர்ல்மன் அந்த இடத்தைத்தான் தொட்டார். கேட்டு வந்தவர் வெறும் விண்ணப்பதாரர். என்ன செய்யப்போகிறோம் என்று இருவரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் அவர் கிளையன்ட். ஆரம்பக் கட்டம் என்பதே இந்த நகர்வுதான். மாணவி முதலில் கேட்ட கேள்விக்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது: ஒன்றரை மணி நேரம் பேசியவர் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை, அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல், இருவரும் சேர்ந்து வேலை செய்யும் இந்த உறவை மூன்றாகப் பிரித்தார்: இலக்கில் உடன்பாடு, அதற்கு யார் என்ன செய்வது என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. அழுதபோது மூன்றாவது கொஞ்சம் வந்திருக்கலாம். முதல் இரண்டும் வரவே இல்லை.

பிப்ரவரி 7, காலை 10.00 | நன்னடத்தைப் பணியாளர்

அனுப்பப்பட்டு வருபவர்களிடம் முதல் நாளில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். "உங்களுக்கு உதவத்தான் இருக்கேன்" என்று தொடங்காதீர்கள், அவர் நம்பமாட்டார், நம்பக் காரணமும் இல்லை. "இங்க வர்றது உங்க விருப்பம் இல்லன்னு தெரியும். யார் அனுப்பினாங்க, என்ன சொல்லி அனுப்பினாங்க?" அவர் சொல்லும் காரணமும் கோப்பில் உள்ள காரணமும் பல நேரம் வேறாக இருக்கும். உடனே திருத்தாதீர்கள். கோப்பில் உள்ளதைப் படித்துக் காட்டி, "இப்படி எழுதியிருக்கு, நீங்க வேற மாதிரி சொல்றீங்க, ரெண்டையும் குறிச்சுக்கறேன்" என்றால் போதும்.

பிறகு இரண்டு பட்டியல். மாற்ற முடியாதவை: எத்தனை முறை வர வேண்டும், எதை நான் அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும், வராவிட்டால் என்ன நடக்கும். மாற்றக்கூடியவை: எந்த நாள், என்ன நேரம், எதைப் பற்றிப் பேசுவது, எதில் தொடங்குவது. இரண்டாவது பட்டியல் சின்னதாக இருந்தாலும் அது அவர் கையில் இருக்கட்டும். அறிக்கையை அனுப்பும் முன் அவருக்குக் காட்டுங்கள். தன்னைப் பற்றி எழுதியதை முதல்முறையாகத் தானே படிக்கும்போது அவர் உட்காரும் விதமே மாறிவிடும்: சாய்ந்து கை கட்டியிருந்தவர் தாளை நோக்கி முன்னால் குனிவார், விரலால் வரி தொட்டுப் படிப்பார், "இந்தத் தேதி தப்பு" என்பார். அந்தத் தேதியை அவர் முன்னாலேயே திருத்துங்கள்.

பிப்ரவரி 7, இரவு 9.35 | மேற்பார்வையாளர்

முதல் சந்திப்புக்கும் இரண்டாவதற்கும் இடையில் நடப்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நம்பிக்கை அந்த நாட்களில்தான் வரும், அல்லது போகும். "பாக்கறேன்", "சொல்லிவைக்கறேன்", "ட்ரை பண்றேன்" மூன்றும் வேண்டாம். சின்னதாக ஒன்றை, நாளும் நேரமும் வைத்துச் சொல்லுங்கள்: "வியாழக்கிழமை 11 மணிக்குள்ள கூப்பிடறேன். அந்த ஆபீஸ்ல இருந்து பதில் வரலன்னாலும், வரலன்னு சொல்லக் கூப்பிடுவேன்." பின்பாதிதான் முக்கியம். நல்ல செய்தி இருந்தால் எல்லோரும் கூப்பிடுவார்கள். சொல்ல ஒன்றும் இல்லாத வியாழக்கிழமை 10.50-க்கு மணி அடிப்பதுதான் அவருக்குப் புதிது. உதவி கேட்டு அலைந்தவர் ஏற்கெனவே நாலு இடத்தில் "பாக்கறேன்" கேட்டிருப்பார்.

அவருக்கும் ஒரு சின்ன வேலை இருக்கட்டும், ஒன்றே ஒன்று. ஒரு சான்றிதழ் எடுத்துவருவது மாதிரி. மூன்று கொடுத்தால் ஒன்றைச் செய்யாமல் விட்டு, அந்தக் கூச்சத்திலேயே வராமல் போய்விடுவார்.

சந்திப்பு முடிந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு போன். விசாரிக்க மட்டும், 2 நிமிடம்.

பிப்ரவரி 8, காலை 7.15 | குடும்ப வன்முறை உதவி மையப் பணியாளர்

அந்த 24 மணி நேர போன் சில வீடுகளில் அடி வாங்கித் தரும். முதல் நாளே கேட்காமல் யாருக்கும் கூப்பிடாதீர்கள்: போன் யார் கையில் இருக்கும், எந்த நேரம் தனியாக இருப்பார், வேறு யாராவது எடுத்தால் நீங்கள் யார் என்று சொல்வது, குறுஞ்செய்தி அனுப்பலாமா, அழைப்புப் பட்டியலை யாராவது பார்ப்பார்களா. வேறு யாராவது எடுத்தால் சொல்ல வேண்டியதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். குரல் செய்தி விடவே கூடாது. கணவர் கூட வந்திருந்தால், "எல்லாரோடவும் தனித்தனியா கொஞ்ச நேரம் பேசறது எங்க வழக்கம்" என்று இருவரையும் தனித்தனியாகப் பாருங்கள். இதை நிஜமாகவே எல்லோருக்கும் வழக்கமாக வைத்திருந்தால்தான் இந்தப் பெண்ணைத் தனியாகக் காட்டிக்கொடுக்காது.

பிப்ரவரி 8, காலை 7.50 | மேற்பார்வையாளர்

ஏற்கிறேன். மேலே நான் எழுதிய 24 மணி நேரத்தை இதைப் படித்த பிறகே பின்பற்றுங்கள்.

பிப்ரவரி 8, இரவு 10.05 | களப்பணி மாணவி

அப்படியும் வரவில்லையென்றால்? கோப்பில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதி மூடச் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 9, காலை 9.20 | மருத்துவமனைப் பணியாளர்

"ஒத்துழைப்பு இல்லை" என்பது உங்கள் முடிவு, நடந்தது இல்லை. நடந்தது: "5-ஆம் தேதி 10 மணிக்கு வரவில்லை. அன்று 11 மணிக்கும் மறுநாள் 4 மணிக்கும் போன் செய்தேன், எடுக்கவில்லை." அப்படியே எழுதுங்கள். அவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள், நீங்கள் கண்டதைத் தனியாக, உங்கள் கருத்தைக் "கருத்து" என்று போட்டு. "மனச்சோர்வில் இருக்கிறார்" என்று எழுத உங்களுக்குத் தகுதி இல்லை. "30 நிமிடத்தில் மூன்று முறை அழுதார், காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றார்" என்று எழுதலாம். அடுத்த பணியாளர் அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டுத்தான் அவரைப் பார்க்கப் போவார்.

வராததற்குக் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது. பஸ் காசு, ஒரு நாள் கூலி, பிள்ளையை விட ஆள் இல்லை, தேதி மறந்தது. ஆளைப் பிடித்ததும் "ஏன் வரல?" என்று கேட்டால் சாக்குதான் வரும். "உங்களை எதிர்பார்த்தேன். வர்றதுக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" என்றால் நேரத்தை மாற்றலாமா, வீட்டுக்கு வரலாமா என்று பேச்சு நகரும்.

பிப்ரவரி 9, மாலை 5.40 | சமூகப்பணி ஆசிரியர்

பணியாளருக்கும் உதவி கேட்டு வருபவருக்கும் இடையிலான உறவுக்கு, சமூகப்பணிப் பேராசிரியர் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957-இல் சொன்ன ஏழு கோட்பாடுகளையும் மாணவர்கள் ஒப்பிப்பார்கள்: தனியாளாகப் பார்ப்பது, உணர்ச்சியை வெளிப்படுத்த இடம் தருவது, கட்டுப்பாடான உணர்வு ஈடுபாடு, ஏற்றுக்கொள்வது, தீர்ப்பு சொல்லாமை, தானே முடிவெடுக்கும் உரிமை, ரகசியம் காப்பது. இந்த இழையில் தடுக்கி விழுந்தது இரண்டாவதில். அதில் "நோக்கத்தோடு" என்ற சொல் ஒன்று உண்டு, அதை விட்டுவிட்டு வெளிப்படுத்துவதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். எவ்வளவு அழுகிறாரோ அவ்வளவு நல்ல சந்திப்பு என்ற எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது. "ஏற்றுக்கொள்வது" என்பதிலும் குழப்பம் உண்டு. பிள்ளையை அடித்தேன் என்கிறவரை ஏற்கலாம், அடித்ததைச் சரியென்று சொல்ல வேண்டியதில்லை. தலையாட்டிக் கேட்பது சம்மதமாகப் படும். "அடிச்சப்ப நீங்க எந்த நிலைமைல இருந்தீங்கன்னு புரியுது. அடிக்கிறது நிக்கணும், அதுக்கு என்ன செய்யலாம்னு பேசுவோம்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 10, இரவு 8.15 | களப்பணி மாணவி

எல்லாவற்றையும் வைத்து முதல் 5 நிமிடத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

"வாங்க, உட்காருங்க. நான் இங்க சமூகப் பணியாளரா பயிற்சி எடுக்கறேன். உங்களை எப்படிக் கூப்பிடட்டும்? நமக்கு இன்னைக்கு 45 நிமிஷம் இருக்கு. நீங்க சொல்றதை முடிஞ்சவரை ரகசியமா வெச்சிருப்பேன். உங்க உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னாலோ, ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்குதுன்னாலோ, கோர்ட் கேட்டாலோ நான் சொல்லியாகணும். அப்படிச் சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடுவேன். எதை எப்பச் சொல்றதுங்கறது உங்க விருப்பம். இன்னைக்கு இங்க வரும்போது என்ன நடக்கணும்னு நெனச்சு வந்தீங்க?"

பிப்ரவரி 10, இரவு 9.50 | குழந்தை நலப் பணியாளர்

இரண்டு இடம். "முடிஞ்சவரை" என்பதை எடுத்துவிடுங்கள். எது முடியாது என்று அடுத்த வரியிலேயே சொல்லிவிடுகிறீர்கள், அந்தச் சொல் சந்தேகத்தை மட்டும் விட்டுவைக்கும். "சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடுவேன்" என்பதும் எப்போதும் முடியாது, முன்கூட்டிச் சொன்னால் குழந்தைக்கு ஆபத்து கூடும் வீடுகள் உண்டு. "குழந்தைக்கு ஆபத்து அதிகமாகாதுன்னா, உங்ககிட்ட முதல்ல சொல்வேன்" என்று மாற்றுங்கள்.

பிப்ரவரி 10, இரவு 10.10 | மேற்பார்வையாளர்

பயிற்சியில் இருப்பதைச் சொன்னது நல்லது. எந்த மாதத்தோடு பயிற்சி முடிகிறது, அதன் பிறகு அவரை யார் பார்ப்பார்கள் என்பதையும் முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள். கோப்பை யார் படிப்பார்கள் என்பதும் விட்டுப்போயிருக்கிறது, "எங்க மேற்பார்வையாளரும் படிப்பாங்க" என்று ஒரு வரி.

பிப்ரவரி 10, இரவு 10.30 | களப்பணி மாணவி

எல்லாவற்றையும் திருத்திவிட்டேன். நாளை 10 மணிக்கு ஒருவர் வருகிறார். நாற்காலிகளை இன்றே மாற்றிப் போட்டாயிற்று.